எஸ்பிளனேடில் அம்மாவை எந்த இருக்கையில் உட்கார வைப்பது?

திருச்சி_டு_உட்லண்ட்ஸ்:
எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூர் எஸ்பிளனேட் கலையரங்கத்தை வெளியே நின்று எத்தனையோ தடவை படம் எடுத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். உள்ளே ஒரு கச்சேரிக்கும் போனதில்லை. நவம்பரில் அம்மா வருகிறார். உறையூரில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். "இப்பல்லாம் கச்சேரியில கேக்குறது பாட்டு இல்லடா, ஸ்பீக்கரு" என்பது அவருடைய நிரந்தரப் புலம்பல். அங்கே நடக்கும் இந்தியக் கலை விழாவான கலா உத்சவத்தில் நம் கர்நாடகக் கச்சேரிக்கு அழைத்துப் போகலாமா, மேற்கத்திய சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவுக்கா? எந்தப் பக்கம் டிக்கெட் எடுப்பது? போய் வந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பீஷான்_பக்கோடா:
எங்கே உட்கார்ந்தாலும் சால்வை எடுத்துப் போங்கள் பாஸ். ஏசி எலும்பு வரை போகும். என் ஞாபகம் இவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற_டீச்சர்:
தம்பி, மைக் பிடிக்காத அம்மாவுக்கு ஆர்கெஸ்ட்ராதான். யோசிக்கவே வேண்டாம். எண்பது, தொண்ணூறு பேர் ஒரு மைக்கும் இல்லாமல் வாசிப்பதைக் கடைசி வரிசை வரை கேட்கலாம். அந்த அரங்கம் அதற்காகவே கட்டியது.

நான் எஸ்எஸ்ஓவை, அதாவது சிங்கப்பூர் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவை, கேட்கத் தொடங்கியது விக்டோரியா கச்சேரி மண்டபத்தில். 1979இல் சூ ஹோய் ஆரம்பித்த குழு, அங்கேதான் வெகுகாலம் வாசித்தார்கள். அழகான பழைய மண்டபம்தான், ஆனால் டிரம்பெட் போன்ற பித்தளை வாத்தியங்கள் மொத்தமாகச் சேர்ந்தால் சத்தத்துக்குப் போக இடம் இருக்காது, கூரையில் முட்டும். 2002 அக்டோபரில் எஸ்பிளனேட் திறந்தபோது முள்முள்ளான கூரையைப் பார்த்து ஊரே டுரியான் பழம், டுரியான் பழம் என்று கிண்டல் செய்தது. என் வீட்டுக்காரர், "பக்கத்தில் சாத்தே கிளப் சாப்பாட்டுக் கடைகள் இருந்த காலமே தேவலை" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். உள்ளே நுழைந்து, மரச்சுவரையும் உயரத்தையும் அண்ணாந்து பார்த்த பிறகு சாத்தே பேச்சு நின்றது. கச்சேரியின் பாதியில் தூங்கிவிட்டார் என்பது வேறு விஷயம்.

எனக்கு மறக்காதது அந்த அரங்கத்து ஆர்கனை, குழாய்களில் காற்றை ஊதி ஒலிக்கும் பெரிய வாத்தியத்தை, முதலில் கேட்ட இரவு. பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸின் மூன்றாம் சிம்ஃபனி. ஜெர்மனியில் பான் நகரத்துக் கிளைஸ் நிறுவனம் செய்த ஆர்கன் அது, 4,740 குழாய்கள். நாம் முகப்பில் பார்ப்பது அதில் சிறு பங்குதான், மீதி உள்ளே. அன்று வெகுநேரம் ஆர்கன் வாசிப்பவர் சும்மாவே உட்கார்ந்திருந்தார். மெதுவான பகுதி வந்தது. தந்தி வாத்தியங்களின் ஒலிக்கு அடியில் ஏதோ ஒன்று சேர்ந்தது. முதலில் காதுக்குத் தெரியவில்லை, நாற்காலியின் கைப்பிடிக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி கைப்பிடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்களுக்குள் பொதுமொழி கிடையாது, தேவையும் படவில்லை. கடைசிப் பகுதியில் அதே ஆர்கன் ஒரேயடியாகத் திறந்தபோது என் வீட்டுக்காரர் விழித்துக்கொண்டார்.

இருக்கை விஷயம். மேடைக்குப் பின்னால், ஆர்கனுக்குக் கீழே காலரி வரிசைகள் இருக்கும். பெரும்பாலும் விலையும் குறைவு. நான் அங்கேதான் உட்காருவேன். லான் ஷுய் 2019 வரை குழுவை முன்னால் நின்று நடத்தும் இசை இயக்குநராக இருந்த காலத்தில், நல்ல பணம் கொடுத்து முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு அவருடைய கோட்டின் முதுகு தெரிந்தது; எனக்கு அவருடைய முகம் தெரிந்தது. யாரை எப்போது பார்க்கிறார், எங்கே இடது கையால் அமர்த்துகிறார் என்று பார்த்துக்கொண்டே கேட்டால் பாதி சங்கீதம் புரிந்துவிடும். டிம்பனி என்ற பெரிய முரசுகளை வாசிப்பவர் நடுவில் குனிந்து தோலுக்குப் பக்கத்தில் காதை வைத்துச் சுருதி பார்ப்பார். உங்கள் அம்மாவுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்காது. ஒருநாள் முன்வரிசை வயலின் ஒன்றில் தந்தி அறுந்தது. அவர் தன் வயலினைப் பின்னால் கொடுத்தார், பின்னால் இருந்தவர் தன்னுடையதை முன்னால் கொடுத்தார், அறுந்த வயலின் வரிசை வரிசையாகக் கடைசிவரை போனது. ஒருவரும் வாசிப்பை நிறுத்தவில்லை. எதிர்ப்பக்கத்தில் எத்தனை பேர் கவனித்தார்களோ.

குறையும் சொல்கிறேன். பின்னால் உட்கார்ந்தால் பித்தளையும் தாளவாத்தியங்களும் தூக்கலாகக் கேட்கும். பியானோ இருக்கும் நாளில் அங்கே வேண்டாம், அதன் மூடி ஒலியை முன்பக்கம்தான் தள்ளும். தனிப்பாடகர் என்றால் அவர் முதுகைத்தான் பார்ப்பீர்கள். பெரிய கோரஸ் வரும் நாளில் அந்த இடம் பாடுபவர்களுக்கே போய்விடும்.

அப்புறம், ஒரு பகுதி முடிந்ததும் கைதட்டக் கூடாது, கடைசியில்தான். அம்மா தலையாட்டலாம். தொடையில் தாளம் மட்டும் வேண்டாம்.

சவுண்ட்_தம்பி:
டீச்சர் சொன்னதோடு கொஞ்சம். நான் நம் சங்க நிகழ்ச்சிகளுக்கு சவுண்ட் மிக்ஸர் பார்ப்பவன். எஸ்பிளனேட் அரங்கின் ஒலியியலை வடிவமைத்தவர் ரஸ்ஸல் ஜான்சன். பர்மிங்ஹாம், லூசெர்ன் அரங்குகளும் அவர் கைதான். சுவருக்குப் பின்னால் பெரிய காலி அறைகள் இருக்கின்றன. அவற்றின் கனமான கதவுகளைத் திறந்தால் ஒலி உள்ளே போய்ச் சுற்றித் தாமதமாகத் திரும்பும், அரங்கமே பெரிதானது போலக் கேட்கும். மேடைக்கு மேலே தொங்கும் விதானத்தையும் ஏற்றி இறக்கலாம். ஆர்கனுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் இதெல்லாம் அமிர்தம்.

நம் கச்சேரிக்கு நேர் எதிர். கதவுகளை மூடி, சுவரோரம் திரைகளை இறக்கித்தான் வேலை செய்ய வேண்டும். அப்படியும் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தில் வேகம் ஏறினால் முந்திய சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து விழும். மிக்ஸரில் இருப்பவர் பதறி வால்யூமைக் கூட்டினால் தொலைந்தது. ஒரு பெரிய வித்வான் கச்சேரியில் இரண்டு மணி நேரம் "தொம்" மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். கர்நாடக சங்கீதம் கேட்க வேண்டுமென்றால் அதே கட்டடத்தில் ரிசைட்டல் ஸ்டூடியோ இருக்கிறது, 245 இருக்கைதான். கலா உத்சவத்தில் அங்கே ஏதாவது வருகிறதா என்று பாருங்கள்.

மூணாம்_மாடி:
காலரியை விடுங்கள் அண்ணே. மூன்றாம் சர்க்கிள், அதாவது மேல் மாடி இருக்கைதான். முழு ஒலியும் கலந்து மேலே வரும், டீச்சர் சொல்லும் தூக்கல் இருக்காது. யார் யார் வாசிக்கிறார்கள் என்று மேலிருந்து பார்க்கவும் நன்றாக இருக்கும்.

ஓய்வுபெற்ற_டீச்சர்:
கலப்பது சரி. முகம் தெரியாது. அங்கே படிகளும் செங்குத்து. தம்பி, அம்மாவுக்கு முட்டிவலி உண்டா?

திருச்சி_டு_உட்லண்ட்ஸ்:
உண்டு, ஒத்துக்கொள்ள மாட்டார். அப்படியானால் காலரி. பியானோ இல்லாத வாரமாகப் பார்த்து எடுக்கிறேன். ரிசைட்டல் ஸ்டூடியோவையும் பார்க்கிறேன். இரண்டையும் கேட்டுவிட்டு அம்மாவே தீர்ப்பு சொல்லட்டும். எம்ஆர்டி ரயிலில் எங்கே இறங்குவது? தோபி காட்டில் மாறி எஸ்பிளனேட் ஸ்டேஷன் வரை போகலாமா?

ஓய்வுபெற்ற_டீச்சர்:
தோபி காட்டில் மாறும் நடையே போதும் முட்டிக்கு. உட்லண்ட்ஸிலிருந்து நேரே சிட்டி ஹால் வந்துவிடுங்கள். அங்கிருந்து சிட்டிலிங்க் கடைவீதி வழியாகத் தரைக்கு அடியிலேயே நடக்கலாம். வெயில், மழை எதுவும் இல்லை, வழியில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்கவும் இடம் உண்டு. அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். வாசிக்க ஆரம்பித்த பிறகு போனால் இடைவெளி வரும் வரை வெளியேதான் நிறுத்துவார்கள்.