ஆர்பிசி-பைண்ட் நிறுத்தியும் 111 மூடவில்லை, பூட்டிய கணக்கிலும் உள்ளே வர முடிகிறது

கேள்வி
வணக்கம். டெபியன் 12 சர்வர். என்ஜின்எக்ஸும் போஸ்ட்கிரெஸும் ஓடினால் போதும். வெளியிலிருந்து என்மேப் (போர்ட் ஸ்கேன் கருவி) போட்டால் 111-ஆம் போர்ட் திறந்திருக்கு; அது ஆர்பிசி-பைண்ட் (என்எஃப்எஸ் போன்றவை எந்தப் போர்ட்டில் இருக்கு என்று சொல்லும் சர்வீஸ்) உடையது. அதற்கு சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கொடுத்தும் போர்ட் மூடவில்லை. வேலையை விட்டுப் போன இருவரின் கணக்குகளை ‘பாஸ்வேர்டு’ கட்டளையின் எல் தெரிவால் பூட்டினேன், ஆனாலும் பழைய எஸ்எஸ்ஹெச் சாவியில் லாகின் ஆகுது. யூஸர்டெல் போட்டு கணக்குகளையே நீக்கிவிடலாமா?

பதில் 1
ஸ்டாப் கொடுத்தபோது வந்த எச்சரிக்கையைப் பாருங்க: ஆர்பிசி-பைண்ட் சாக்கெட் (போர்ட்டில் யாராவது தொடர்புகொண்டால் சர்வீஸைத் தொடங்கும் யூனிட்) அதை மறுபடி எழுப்பும் என்று இருக்கும். சர்வீஸ் நின்றாலும் 111-ஐப் பிடித்திருப்பது சிஸ்டம்டி (சர்வீஸ்களை நிர்வகிக்கும் முதல் புரோசஸ்). திறந்த போர்ட்டுகளைக் காட்டும் ‘எஸ்எஸ்’ கட்டளையை டி, யு, எல், பி, என் தெரிவுகளோடு ரூட்டாக ஓட்டினால் அந்த வரியில் பிஐடி 1 தெரியும். சர்வீஸ், சாக்கெட் இரண்டையும் சேர்த்து டிஸேபிள் செய்து நிறுத்துங்க, பிறகு இரண்டையும் எதுவும் தொடங்க முடியாதபடி மாஸ்க் பண்ணுங்க. டிஸேபிள் மட்டும் போதாது. வேறொரு யூனிட் கேட்டால் திரும்ப எழும்.

இதைத் தள்ளிப்போடாதீங்க. யுடிபி 111 வெளியே திறந்திருந்தால், அடுத்தவர் மீதான டிடாஸ் (போலி டிராஃபிக்கால் திணறடிக்கும்) தாக்குதலைப் பெருக்க உங்க சர்வரையே பயன்படுத்துவாங்க.

பதில் 2
எல் தெரிவு ஷேடோ கோப்பில் கடவுச்சொல் ஹாஷுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறியைப் போடும், அவ்வளவுதான். சாவியில் வருபவரிடம் கடவுச்சொல் கேட்பதே இல்லையே. யூஸர்மாட் கட்டளையில் காலாவதித் தேதியை 1 என்று கொடுங்க. கணக்கே காலாவதியாகும், சாவியும் செல்லாது. ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன் இதனால் அறுபடாது, அதை லாகின்சிடிஎல் வழியாக முடிக்கணும். அவர்களின் சாவிகள் இருக்கும் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பையும், ரூட் அதிகாரம் தரும் சுடோயர்ஸ் வரிகளையும் எடுத்துவிடுங்க. அதே ஆளின் பொதுச்சாவி ரூட், டிப்ளாய் மாதிரி பலர் பகிரும் கணக்குகளிலும் கிடக்கலாம். பலரும் அங்கே பார்ப்பதே இல்லை.

யூஸர்டெல் இப்போதே வேண்டாம். ஹோமுக்கு வெளியே இருக்கும் அவர் கோப்புகள் பெயரில்லாமல் வெறும் யூஐடி (பயனர்) எண்ணோடு தங்கிவிடும். கணக்கு சேர்க்கும் டெபியனின் ஆட்யூஸர் கட்டளை காலியாக இருக்கும் முதல் எண்ணை எடுப்பதால், அடுத்து சேர்பவருக்கு அவை சொந்தமாகிவிடும். முதலில் ஃபைண்ட் வைத்து அவர் பெயரில் உள்ளவற்றைத் தேடி உரிமையாளரை மாற்றுங்க, நேரம் குறித்து ஓடும் வேலைகள் இருக்கும் கிரான்டேபையும் பாருங்க.

கேம்ஸ், எல்பி, நியூஸ் போன்ற சிஸ்டம் கணக்குகளைத் தொடாதீங்க. அவற்றின் ஷெல் நோலாகின் (உள்ளே விடாது), கடவுச்சொல்லும் கிடையாது. நீக்கினாலும் பேஸ்-பாஸ்வேர்டு தொகுப்பு திரும்பச் சேர்க்கப் பார்க்கும்.

கேட்டவர்
நன்றி. மாஸ்க்குக்குப் பதில் ஆர்பிசி-பைண்டை பர்ஜ் செய்து முழுதாக நீக்கப் பார்த்தால் என்எஃப்எஸ்-காமன் (நெட்வொர்க் கோப்புப் பகிர்வுக்கான தொகுப்பு) உம் போகும் என்று ஆப்ட் சொல்லுது.

பதில் 1
மவுண்ட் பட்டியலான எஃப்எஸ்டேபில் என்எஃப்எஸ் மவுண்ட் இல்லையென்றால் இரண்டும் போகட்டும். என்எஃப்எஸ் பதிப்பு 4 மவுண்ட் இருந்தால் மாஸ்க்கோடு நிறுத்துங்க, அதற்கு 111 தேவையில்லை. முடித்ததும் என்மேப்பை யுடிபிக்கும் ஐபிவி6-க்கும் தனித்தனியாக ஓட்டுங்க; சாதாரண ஸ்கேன் இரண்டையும் பார்க்காது.