பைத்தான் ஐஓ மாட்யூல்: டாக்ஸ் காட்டும் அப்பா எம்ஆர்ஓ-வில் எங்கே?

பாம்பாட்டி:
கோப்புகளைப் படிக்க, எழுத உதவும் ஐஓ மாட்யூலுக்கு ஒரு கிளாஸ் வரைபடம் போடலாம் என்று உட்கார்ந்தேன். ஃபைல்ஐஓ ராஐஓபேஸிலிருந்து இன்ஹெரிட் ஆகிறது, டெக்ஸ்ட்ஐஓராப்பர் டெக்ஸ்ட்ஐஓபேஸிலிருந்து என்றெல்லாம் டாக்ஸில் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் ஐஓபேஸில் ஆரம்பித்து சப்கிளாஸ்களைத் தோண்டிக்கொண்டே போனால் இவை இரண்டுமே கிடைக்கவில்லை. டெக்ஸ்ட்ஐஓராப்பரின் எம்ஆர்ஓ-வை (மெத்தடைத் தேடிப் போகும் கிளாஸ் வரிசை) பிரின்ட் செய்தால் அண்டர்ஸ்கோரோடு தொடங்கும் வேறு இரண்டு பேஸ் கிளாஸ், அப்புறம் ஆப்ஜெக்ட், அவ்வளவுதான். அதே சமயம் டெக்ஸ்ட்ஐஓபேஸின் வாரிசா என்று இஸ்சப்கிளாஸ் போட்டுக் கேட்டால் ட்ரூ என்கிறது. டாக்ஸ் தப்பா, நான் பார்க்கும் இடம் தப்பா?

நடுநிசி:
இரண்டும் இல்லை ப்ரோ. 2008 கடைசியில் பைத்தான் 3.0 வந்தபோது இந்த மாட்யூல் பெரும்பாலும் பைத்தானிலேயே எழுதப்பட்டிருந்தது, ஆமை வேகம். 2009-இல் 3.1-க்காக முழுவதையும் சி-யில் திருப்பி எழுதினார்கள், வேலையைப் பொறுத்து 2 முதல் 20 மடங்கு வேகம் என்று அந்த வெளியீட்டுக் குறிப்பிலேயே இருக்கிறது. சி-யில் இருப்பவை சாதாரண டைப்புகள், ஏபிசி (இன்டர்ஃபேஸை வரையறுக்கும் அப்ஸ்ட்ராக்ட் பேஸ் கிளாஸ்) மெட்டாகிளாஸ் அவற்றுக்குக் கிடையாது. அதனால் வெளியே தெரியும் பேஸ் கிளாஸ்களை பைத்தானில் தனியாக வைத்து, ஃபைல்ஐஓ மாதிரியானவற்றை அவற்றின் வாரிசு என்று பெயரளவில் ரெஜிஸ்டர் செய்துவிட்டார்கள். பழைய பைத்தான் வடிவம் பைஐஓ என்று முன்னால் ஒரு அண்டர்ஸ்கோரோடு இன்றைக்கும் கூடவே வருகிறது, அதில் எம்ஆர்ஓ பாருங்கள், டாக்ஸில் இருக்கிறபடியே இருக்கும். டாக்ஸ் சொல்வது வடிவமைப்பை, உள்ளே நடக்கும் தில்லாலங்கடியை அல்ல.

கண்மாய்க்கரை:
வடிவமைப்பு என்றால் "இந்த இன்டர்ஃபேஸைத் தருகிறது" என்று எழுதட்டுமே! இன்ஹெரிட் என்று எழுதினால் மெத்தட் வரவேண்டும். டெக்ஸ்ட்ஐஓபேஸில் ஒரு புது மெத்தடை ஒட்டிப் பாருங்கள், எந்த எர்ரரும் வராது. அப்புறம் ஓப்பன் போட்டுத் திறந்த கோப்பில் அதைக் கூப்பிடுங்கள், ஆட்ரிபியூட் எர்ரர். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, சொத்தில் பங்கு இல்லை.

நடுநிசி:
ரெஜிஸ்டர் செய்த கிளாஸின் எம்ஆர்ஓ-வில் அந்த ஏபிசி வராது, அதன் மெத்தட்களை சூப்பர் வழியாகக்கூடக் கூப்பிட முடியாது என்று ஏபிசி பக்கத்தில் எழுதியே இருக்கிறது. ஸ்டாண்டர்டு லைப்ரரி கிளாஸில் மெத்தடை ஒட்டுகிறவருக்காகவா டாக்ஸ் எழுத முடியும்?

கண்மாய்க்கரை:
அது ஏபிசி பக்கத்தில், அண்ணே. ஐஓ பக்கம் படிக்கிறவனுக்கு அங்கே போகவேண்டும் என்று யார் சொன்னார்கள்?

இட்லிமாவு:
நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடும் இடத்தில் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை, ஆப்ஜெக்ட் இந்த வகைதானா என்று கேட்கும் இஸ்இன்ஸ்டன்ஸாவது சரியாக வேலை செய்கிறது. உண்மையான கூத்து தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப்ஃபைல் மாட்யூலில். அதிலுள்ள ஸ்பூல்டு டெம்பரரி ஃபைல் கிளாஸ், பைத்தான் 3.11 முதல், பஃபர்டுஐஓபேஸ், டெக்ஸ்ட்ஐஓபேஸ் இரண்டையும் மோடைப் பொறுத்து முழுமையாக இம்ப்ளிமென்ட் செய்கிறது என்கிறது டாக்ஸ். சோர்ஸைத் திறந்தால் நேராக ஐஓபேஸிலிருந்து மட்டும் இறங்குகிறது, ரெஜிஸ்டரும் கிடையாது. பைனரி மோடில் திறந்துவிட்டு இஸ்இன்ஸ்டன்ஸில் பஃபர்டுஐஓபேஸா என்று கேளுங்கள், ஃபால்ஸ். ஃபாஸ்ட்ஏபிஐ என்ற வெப் ஃபிரேம்வொர்க்கில் அப்லோடு ஆகும் கோப்புக்கு உள்ளே இருப்பது இதுதான். டெஸ்டில் கோப்புக்குப் பதில் மெமரியில் இருக்கும் பைட்ஸ்ஐஓ கொடுத்திருப்பீர்கள், அது ட்ரூ, எல்லாம் பச்சை. புரொடக்‌ஷனில் யாராவது பிடிஎஃப் ஏற்றினால் உங்கள் செக் அதை வெளியே தள்ளிவிடும்.

நடுநிசி:
ஒரே கிளாஸ் டெக்ஸ்ட், பைனரி இரண்டுக்கும் வேலை செய்கிறது, எதிலிருந்து இறக்குவது? ஒன்றைப் போட்டாலும் மற்ற மோடில் பொய்யாகிவிடும். அதனால்தான் அந்த "மோடைப் பொறுத்து".

இட்லிமாவு:
காரணம் நியாயம்தான், மறுக்கவில்லை. மோடு என்பது ஆப்ஜெக்டுக்கு ஆப்ஜெக்ட் மாறும், ரெஜிஸ்டர் கிளாஸுக்கு ஒரு தடவை. அதைத்தான் டாக்ஸ் சொல்லவேண்டும்: மெத்தட் எல்லாம் இருக்கிறது, இஸ்இன்ஸ்டன்ஸ் மட்டும் செல்லாது. ஒரு வரி. "முழுமையாக" என்று எழுதிவிட்டு அந்த வரியை விட்டால் படிக்கிறவன் என்ன நினைப்பான்? நேம்டு டெம்பரரி ஃபைலைப் பாருங்கள், அது தருவதும் ஐஓபேஸ் அல்ல, ஆனால் ஃபைல் மாதிரியான ஆப்ஜெக்ட் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது, ஒரு வம்பும் இல்லை.

நடுநிசி:
இஸ்இன்ஸ்டன்ஸ் செக்கே போடாதீர்கள் என்பேன். ரீட் இருக்கிறதா என்று பார்த்தால் முடிந்தது.

கண்மாய்க்கரை:
பிறகு எதற்காம் ஏபிசி என்று ஒரு மாட்யூல்? சோர்ஸில் வேலை மெனக்கெட்டு ஒவ்வொரு கிளாஸையும் ரெஜிஸ்டர் செய்து வைத்திருப்பது இஸ்இன்ஸ்டன்ஸ் கேட்கத்தானே?

பாம்பாட்டி:
சரி, என் படத்தில் எம்ஆர்ஓ-வுக்கு முழுக்கோடு, ரெஜிஸ்டருக்குப் புள்ளிக்கோடு போடுகிறேன். ஸ்பூல்டு ஃபைல் ஐஓபேஸுக்குக் கீழே தனியாகத் தொங்கட்டும். டாக்ஸுக்கு அந்த ஒரு வரியை எழுதி புல் ரிக்வெஸ்டும் அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

நடுநிசி:
டெம்ப்ஃபைலுக்கு அனுப்புங்கள், ஆதரிக்கிறேன். ஐஓ பக்கத்தில் கை வைத்தால் எதிர்த்து எழுத முதல் ஆளாக வருவேன்.

கண்மாய்க்கரை:
அப்போ ஐஓ பக்கத்துக்கு நான் அனுப்புகிறேன். வாங்க அண்ணே.