தேக்கு டேபிள் டாப் ஏசி வீட்டுக்குப் போகுது, ஐடியா சொல்லுங்க

குரூப்ல இருக்குற ஆசாரிமார், அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில்ல ஒரு டைனிங் டேபிள் பண்றேன், டாப் முழுக்க தேக்குப் பலகை ஒட்டி 3 அடி அகலம், போகப்போறது பெங்களூர்ல ஒரு ஃபிளாட்டுக்கு, அங்க ஏசி எந்நேரமும் ஓடும்ங்கிறாங்க. இங்க இப்ப மழை, மீட்டர் வச்சா ஈரம் 16 சதவீதம் காட்டுது. அங்க போய் 10க்கு இறங்குச்சுன்னா அகலத்துல மட்டும் சுமார் 10 மில்லி சுருங்கும்னு கணக்கு வருது (நீளத்துல ஒண்ணும் பெருசா ஆகாது). தேக்குக்கே இப்படின்னா மாமரம் வேப்பமரத்தலாம் சொல்லவே வேணாம்.

பார்ட்டிக்கு ரெண்டு முனையிலயும் குறுக்குச் சட்டம் வேணுமாம். பக்கத்துப் பட்டறை அண்ணாச்சி, "முழுசா பசை போட்டு இறுக்குடே, தேக்கு எங்கயும் போவாது"ங்கிறார், எனக்கு மனசு ஒப்பல, சட்டம் குறுக்க போறதால அதோட நீளம் சுருங்காது, பலகையோட அகலம் சுருங்கும், நடுவுல எங்கயாவது வெடிச்சுத்தானே ஆகணும்? அதனால நடுவுல மட்டும் பசை போட்டு, ஓரத்துல மர ஆணி போற ஓட்டைய சட்டத்தோட நீளவாக்குல தோண்டி விடலாம்னு இருக்கேன். ஆனா காயக் காய சட்டத்தோட முனை ரெண்டு பக்கமும் 5 மில்லி வெளிய நீட்டும், அத பார்ட்டிகிட்ட எப்படி சொல்லி ஒத்துக்க வைக்கிறீங்க?

அப்புறம் அடிப்பக்கமும் பாலிஷ் அடிக்கணுமா, மேல மட்டும் அடிச்சா வளையும்னு சொல்றாங்களே? பலகைய இடையில ரீப்பர் (காத்துப் போக வைக்கிற மெல்லிசான மரத்துண்டு) வச்சு ஏசி ரூம்ல அடுக்கிப் போட்டு வேலை பாத்தவங்க யாராச்சும் இருந்தா, மீட்டர் எவ்வளவு காட்டுனதும் ஒட்ட ஆரம்பிச்சீங்கன்னு சொல்லுங்க.