ஜாவா: ஃபீல்டின் பெயர் ஸ்ட்ரிங்காக வந்தால் மதிப்பை எப்படிப் போடுவது?

புதுக்கோடர்:
ஊழியர் விவரம் சிஎஸ்வி ஃபைலாக வருகிறது. முதல் வரியில் 40 தலைப்புகள், எல்லாமே என் எம்ப்ளாயீ கிளாஸில் உள்ள ஃபீல்டு பெயர்கள்தான். ஒவ்வொன்றுக்கும் இஃப் எல்ஸ் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? பைத்தானில் செட்ஆட்டர் என்று ஒரே வரியில் முடிந்துவிடும். இங்கே ரிஃப்ளெக்ஷனில் (ஓடும்போதே கிளாஸின் ஃபீல்டுகளைப் பெயரால் தேடி எடுக்கும் வசதி) கெட்ஃபீல்டு கூப்பிட்டால் சாலரிக்கு நோசச்ஃபீல்டுஎக்செப்ஷன் வருகிறது, ஃபீல்டோ கண்ணெதிரே இருக்கிறது!

பைட்கோடு:
சாலரி பிரைவேட் என்று நினைக்கிறேன். கெட்ஃபீல்டு பப்ளிக் ஃபீல்டுகளை மட்டும்தான் தேடும், பேரண்ட் கிளாஸில் உள்ள பப்ளிக்கையும் சேர்த்து. கெட்டிக்ளேர்டுஃபீல்டு பிரைவேட்டையும் எடுத்துத் தரும், ஆனால் அந்தக் கிளாஸுக்குள்ளேயே எழுதியவற்றை மட்டும். எனவே ஐடி, பெயர் எல்லாம் பெர்சன் மாதிரி ஒரு பேரண்டில் இருந்தால் கெட்சூப்பர்கிளாஸ் போட்டு நல் வரும்வரை மேலே ஏறித் தேட வேண்டும். கிடைத்ததும் செட்அக்ஸசிபிள் ட்ரூ, அப்புறம் செட். சிஎஸ்வியில் வருவது எல்லாம் ஸ்ட்ரிங் என்பதால் ஃபீல்டின் கெட்டைப் (getType) மெத்தட் தரும் டைப்பைப் பார்த்து இன்ட், டபுள் என்று நீங்களே மாற்றிக் கொடுங்கள், இல்லாவிட்டால் இல்லீகல்ஆர்கியுமென்ட்எக்செப்ஷன்தான். எம்ப்ளாயீ சாதாரண கிளாஸாக இல்லாமல் ரெக்கார்டாக (மதிப்பு மாறாத ஃபீல்டுகள் கொண்ட தனி வகை கிளாஸ்) இருந்தால் இந்த வழியே கிடையாது, அதன் ஃபீல்டுகளை ரிஃப்ளெக்ஷனாலும் மாற்ற முடியாது.

சும்மாபார்த்தவர்:
எனக்கு இது பிடிக்கவில்லை. ஐடிஇயில் ஃபீல்டின் பெயரை மாற்றினால் ஃபைலில் உள்ள தலைப்பு மாறாது, கம்பைலரும் வாயைத் திறக்காது, ஓடும்போதுதான் தெரியும். ஆண்ட்ராய்டில் இன்னும் மோசம், ஆர்8 என்ற பில்டு கருவி ரிலீஸில் பெயர்களைச் சுருக்கிவிடுவதால் டீபக்கில் ஓடுவது ரிலீஸில் விழும். தலைப்பிலிருந்து லாம்டாவுக்கு (அந்த ஃபீல்டில் மதிப்பைப் போடும் குட்டி ஃபங்ஷன்) ஒரு மேப் வைத்துக்கொள்ளுங்கள். 40 வரி வரும், வரட்டுமே. ஃபைல் வெளியிலிருந்து வருகிறது என்றால் இது கட்டாயம், ஏனென்றால் யாராவது ஈஸ்அட்மின் என்று ஒரு தலைப்பைச் சேர்த்து அனுப்பினால் உங்கள் கோடு அதையும் பணிவோடு நிரப்பிவிடும். 2012இல் கிட்ஹப் இதே வகை ஓட்டையில்தான் மாட்டியது. அங்கே ரெயில்ஸ் என்ற வெப் ஃப்ரேம்வொர்க், வந்த பெயர்களை வடிகட்டாமல் அப்படியே மாடலில் போட்டார்கள்.

புதுக்கோடர்:
ஃபைல் எங்கள் ஹெச்ஆர் தருவதுதான், வெளியாள் யாரும் இல்லை. ஆனால் மாதா மாதம் ஒன்றிரண்டு தலைப்பு கூடும், மேப்பைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டுமே?

பைட்கோடு:
புதுத் தலைப்பு வந்தால் கிளாஸில் ஃபீல்டு எப்படியும் சேர்க்கத்தானே போகிறீர்கள், கூட ஒரு வரி. அதுவும் வேண்டாம் என்றால் ஓப்பன்சிஎஸ்வி என்ற லைப்ரரியை எடுங்கள், ஃபீல்டின் தலையில் சிஎஸ்விபைண்ட்பைநேம் அனொட்டேஷன் (@ போட்டு எழுதும் குறிப்பு) போட்டால் டைப் மாற்றுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். உள்ளே அதுவும் ரிஃப்ளெக்ஷன்தான், ஆனால் அந்தத் தலைவலி அவர்களுடையது. தலைப்பை அனொட்டேஷனிலேயே எழுதிவிட்டால் ஃபீல்டின் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கையால்தான் எழுதுவேன் என்றால் ஃபீல்டு ஆப்ஜெக்டுகளைத் தலைப்பு வரியைப் படிக்கும்போதே தேடி ஒரு அரேயில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு ஊழியருக்கும் திரும்பத் தேட வேண்டாம்.