டென்ட்டா, பழைய கேரவனா? புதிதாக வந்தவர்களுக்கு

வெளிநாட்டில் முதல் குளிர்காலம் முடிந்ததும் பலருக்கும் வெளியே முகாமிட்டுத் தங்கும் ஆசை வரும். ஓட்டல் கட்டணத்தைப் பார்த்து மலைத்து டென்ட் தேடுவார்கள். அதற்குள் யாரோ விற்கும் பழைய கேரவன் (காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும், படுக்கை வைத்த வண்டி) கண்ணில் படும், விலையும் ஆசை காட்டும். என்னைக் கேட்டால் முதல் கோடைக்கு டென்ட்தான். கேரவன் மீது மனம் போய்விட்டதா? சில நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

முதலில், கேரவனை எங்கே நிறுத்துவீர்கள்? அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கேள்வியிலேயே கதை முடிந்துவிடும். வெளியே இடம் பிடித்தால், பயணம் போனாலும் போகாவிட்டாலும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது கார். எவ்வளவு எடை இழுக்கலாம் என்பது காரின் கையேட்டிலேயே இருக்கும். சில ஹைபிரிட், மின்சாரக் கார்களில் இழுக்கவே அனுமதி கிடையாது. முழுச் சுமையோடு கேரவனின் எடை, சுமை ஏற்றாத காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும் என்று பிரிட்டனில் புதியவர்களுக்குச் சொல்வார்கள். அது சட்டம் இல்லை, ஆனாலும் நல்ல கணக்கு. லைசென்ஸையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண பி வகை (கார்) உரிமத்தில் 750 கிலோ வரை டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுக்கும் வண்டி, கேரவனும் இதில் அடக்கம்) இழுக்கலாம். அதைவிடக் கனமானது என்றால், காரும் டிரெய்லரும் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட எடை 3,500 கிலோவுக்குள் இருக்க வேண்டும். சொந்த நாட்டு லைசென்ஸில் ஓட்டுபவர்கள், காப்பீடு செல்லுமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இதெல்லாம் சரிப்பட்டு வந்து, கூடவே கைக்குழந்தையோ முட்டிவலி உள்ள பெற்றோரோ இருந்தால் கேரவன் நியாயமான முடிவுதான். ஆனால் மலிவு கேரவனைக் கொல்வது எஞ்சின் இல்லை (அதற்குத்தான் எஞ்சினே கிடையாதே), ஈரம். பழைய கேரவன்கள் பலவற்றில் சுவருக்குள் இருப்பது மரச்சட்டம். கூரை இணைப்பு, ஜன்னல் ஓரம், கூரை ஜன்னல் என எங்காவது சீலன்ட் (இடுக்கில் நீர் புகாமல் அடைக்கும் பசை) விட்டுப்போனால் தண்ணீர் உள்ளே இறங்கி, வெளியே தெரியாமலே மரம் மக்கிப்போகும். அதனால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். கதவைத் திறந்ததும் வாசனை ஸ்பிரே தூக்கலாக அடித்தால் சந்தேகப்படுங்கள். மேல் அலமாரிகளைத் திறந்து மூலைகளைக் கையால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் கிளம்பிவிடலாம். தரையிலும் நடந்து பார்க்க வேண்டும், பஞ்சு மாதிரி அமுங்கக் கூடாது. ஈரமானி (சுவரின் ஈரத்தை அளக்கும் சிறு கருவி) ஒன்று கையோடு கொண்டுபோங்கள். 15 சதவீதத்துக்குள் என்றால் கவலை இல்லை. 20-ஐத் தாண்டினால், விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். அதைச் சரிசெய்யும் செலவு கேரவன் விலையையே விழுங்கிவிடும்.

டயர் பளபளப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கேரவன் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2317 என்றால் 2017-இன் 23-ஆவது வாரம்.

டென்ட்டுக்கு இவ்வளவு தலைவலி இல்லை. நால்வர் டென்ட் என்றால் நால்வர் ஒட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான். பைகளுக்கு இடம் இருக்காது. நான்கு பேர் குடும்பத்துக்கு ஆறு பேர் அளவு வாங்குங்கள். நீர் தாங்கும் திறன் (எவ்வளவு உயர நீர் நின்றால் துணி கசியாமல் தாங்கும் என்ற அளவு) 3,000 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால் நல்ல மழைக்கும் தாங்கும். நம்மவர்கள் போர்வையை அடுக்குவார்கள், கீழே விரிப்பதை மறந்துவிடுவார்கள். குளிர் தரையிலிருந்துதான் ஏறும். வெறும் காற்று மெத்தை அதைத் தடுக்காது, அதன் மேல் தடித்த விரிப்பு ஒன்று வேண்டும். வீடு திரும்பியதும் டென்ட்டை முழுக்க உலர்த்திய பிறகே மடியுங்கள். பால்கனிகூட இல்லாத வீட்டில் இது உண்மையிலேயே பெரிய தொல்லை.

எவ்வளவு குளிர்ந்தாலும் அடுப்பையோ கரி கிரில்லையோ டென்ட்டுக்குள் கொண்டுவர வேண்டாம், அணைத்துவிட்ட கரியைக்கூட. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கேரவன் வாங்கினால் அதற்கான அலாரம் ஒன்று மாட்டி, காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து அடைக்காமல் விடுங்கள்.