பொள்ளாச்சியில் குடியிருந்து கோவைக்குத் தினமும் வேலைக்குப் போய் வருவது சரிப்படுமா?

கேள்வி (குறிச்சிக்காரன்)

கோவையில் இருந்து பொள்ளாச்சிக்குக் குடிபோக யோசனை. ஒருவருக்கு மலுமிச்சம்பட்டியில் தினசரி வேலை, இன்னொருவருக்குச் சரவணம்பட்டியில் வாரம் மூன்று நாள். பிள்ளை மூன்றாம் வகுப்பு. முதலில் வாடகை வீடு, பிடித்துப்போனால் டவுனுக்கு வெளியே 5 சென்ட் வாங்கி வீடு கட்டலாம் என்று எண்ணம். போக்குவரத்து, தண்ணீர், பத்திரம் மூன்றிலும் எதைப் பார்க்கணும், எதில் ஏமாறுவார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பதில் (நாற்பதுகிலோமீட்டர்)

இரண்டு வேலையையும் ஒரே கணக்கில் போடாதீங்க. பொள்ளாச்சியில் இருந்து மலுமிச்சம்பட்டி 30 கி.மீ.க்குள். நான்குவழிச் சாலை, கோவை டவுனுக்குள் நுழையவே வேண்டாம். சரவணம்பட்டி அப்படியல்ல, ஊரின் மறுகோடி. உக்கடம் வரைக்கும் 40 கி.மீ., அதற்குமேல் நகரத்தைக் குறுக்கே கடக்கணும். ஒரு வழிக்கே 50 கி.மீ. தாண்டிவிடும். 2024ல் திறந்த உக்கடம் மேம்பாலத்தால் அந்த இடத்து நெரிசல் தளர்ந்ததே தவிர, காந்திபுரம் பக்கத்து நெரிசல் அப்படியேதான் இருக்கு. ஈச்சனாரியில் எல் அண்ட் டி பைபாஸ் பிடித்து நீலாம்பூர் வழியாகச் சுற்றலாம். தூரம் கூடும், கனரக லாரி அதிகம். இரவு எட்டு மணிக்கு மேல் அந்த வழியில் பைக் வேண்டாங்க.

பெட்ரோல் கணக்கு: கோவை டவுனுக்குப் போய்வர 80 கி.மீ. பைக் லிட்டருக்கு 45 கொடுத்தால் நாளைக்கு 1.8 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 24 நாளைக்கு 4,300 ரூபாய் ஆகும். காரில் லிட்டருக்கு 15 கிடைத்தால் மாதம் 12,800. மாதம் 1,900 கி.மீ. ஓடுகிற பைக்குக்கு ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றணும், அதையும் சேர்த்துக்குங்க. வாடகையில் மிச்சமாவது இதைவிடக் கூடுதலா என்று பார்த்துட்டு முடிவெடுங்க.

பஸ்தான் நம்பகம். உக்கடத்தில் இருந்து பொள்ளாச்சிக்கு நாள் முழுக்க வண்டி உண்டு. ஆனால் நடுவில் இறங்குபவர்கள் கேட்டு ஏறணும்: கிணத்துக்கடவில் மேம்பாலம் ஏறிப் போகும் வண்டியா, கீழே ஊருக்குள் நிற்கும் வண்டியா? போத்தனூர்–பொள்ளாச்சி அகல ரயில் பாதை 2017ல் வந்தது. வண்டிகள் குறைவு, உங்க ஷிப்டுக்கு நேரம் ஒத்துவந்தால் மட்டும் அதை நம்புங்க.

இன்னொன்று காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கில் இருந்து அடிக்கும். சாலை தெற்கு வடக்காகப் போவதால் பைக்கைப் பக்கவாட்டில் தள்ளும். லாரியைத் தாண்டும் நொடியில் காற்று நின்று மறுபடி அறையும்போதுதான் ஆட்கள் விழுகிறார்கள்.

பதில் (கிணத்துமேடு)

தண்ணீரைப் பற்றி நான் சொல்றேங்க. டவுனுக்குள் ஆழியாற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறது, கவலையில்லை. தோட்டப் பக்கம் போனால் கிணறு, போர்வெல்தான். அங்கே முதலில் பார்க்க வேண்டியது சுற்றிலும் தென்னை நார் மில்லும் நார்க்கழிவு காயப்போடும் களமும் இருக்கா என்று. ஏற்றுமதிக்காக நார்க்கழிவைத் தண்ணீர் விட்டு அலசி உப்பை இறக்குவார்கள். அலசிய தண்ணீரைச் சரியாகத் தேக்காமல் விட்டால் அந்த உப்பும் மட்டையின் துவர்ப்புச் சாயமும் மண்ணில் இறங்கி, பக்கத்துக் கிணறு டீத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும்.

இதை ஏப்ரலில் பார்த்து ஏமாந்துடாதீங்க. மழைக்குப் பிறகுதான் குவியலில் இருந்து சாயம் இறங்கும். அக்டோபர், நவம்பரில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை தண்ணீர் எடுத்துப் பாருங்க. வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றினால் நிறம் தெரியும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். குடிதண்ணீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை தர நிர்ணயம் அனுமதிக்கிறது. கடினத்தன்மை 200க்குள் இருப்பது நல்லது, 600 எல்லை. மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து முழு அறிக்கை வாங்கிடுங்க. ஆர்.ஓ. போட்டுக்கலாம் என்று சொல்வார்கள். சாயத் தண்ணீரில் அதன் சவ்வு சீக்கிரம் அடைத்துப்போகும்.

குறிச்சிக்காரன்

நன்றிங்க. தோட்டத்தைப் பிரித்து விற்கும் சைட் ஒன்றைப் புரோக்கர் காட்டினார். "பட்டா இருக்கு, ரிஜிஸ்டர் ஆயிடும்" என்கிறார். பட்டா இருந்தால் போதுமா?

பதில் (மூலப்பத்திரம்)

போதாதுங்க. அந்தப் பட்டா தோட்டம் முழுக்கக் கூட்டுப் பட்டாவாக இருக்கலாம். உங்க 5 சென்ட்டுக்கு உட்பிரிவு ஆகியிருக்கணும், புல வரைபடத்தில் அந்தக் கோடு விழுந்திருக்கணும். அதைவிட முக்கியம் மனைப்பிரிவு (லேஅவுட்) அனுமதி. 20.10.2016க்குப் பிறகு அனுமதியில்லாமல் பிரித்த நிலத்தை வீட்டு மனையாகப் பதிய முடியாது. அதற்கு முன் விற்ற மனை என்றால், அனுமதியில்லா மனையை முறைப்படுத்தித் தரும் வரன்முறை உத்தரவைக் கேளுங்க. விவசாய நிலம் என்றே எழுதிப் பதிந்து தருகிறோம் என்றால் ஒதுங்கிடுங்க. பின்னால் கட்டட அனுமதியும் வீட்டுக் கடனும் அதில்தான் தடைபடும்.

பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் 30 வருடத்துக்குப் போடுங்க. அதோடு தாய்ப்பத்திரத்தில் இருந்து சங்கிலி அறுபடாமல் வருகிறதா, பாகப்பிரிவினையில் எல்லா வாரிசும் கையெழுத்து போட்டிருக்காங்களா என்று வக்கீலிடம் காட்டுங்க. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை, அரசு வைத்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது கூடவோ அதன்மேல்.

தோப்புச் சைட்டுகளில் பெரிய வம்பு வழித்தடம். இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவே போகும் வேலியிட்ட மண்பாதை) வழியாக மண் லாரி போகிறது என்பதாலேயே அது பொதுவழி ஆகாது. எத்தனை அடி அகலம், எந்தச் சர்வே எண் வழியாக வருகிறது என்று பத்திரத்திலேயே வண்டித்தட உரிமை எழுதியிருக்கணும். நடுவில் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் குறுக்கிட்டால், பாலம் போட நீர்வளத்துறை அனுமதி தனியாக வேணும்.

வாடகை வீட்டுக்கு: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்குமேல் கேட்கக்கூடாது என்பது 2017 சட்டம். மின்சாரம் தனி மீட்டரா என்று பாருங்க. இரண்டு குடித்தனம் ஒரே இணைப்பில் இருந்தால் இலவச யூனிட்டும் ஒன்றுக்குத்தான், மொத்தக் கணக்கு மேல் விலைக்குத் தாவும். செவ்வாய், வியாழன் மாட்டுச் சந்தை. சந்தைப் பக்கம் வீடு பார்ப்பதானால் அந்த நாள் ஒன்றில் காலையில் பள்ளி நேரத்துக்கு வந்து தெருவைப் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க.