சிவப்புக் கண்கள்: 'இன்கார்செரான்' படித்த இரவுகள்

இந்த நாவலைப் படித்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

மேற்படிப்புக்காக வேல்ஸ் வந்த முதல் குளிர்காலம். மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடும். நூலகத்தின் இளையோர் பகுதியில், அதே மண்ணைச் சேர்ந்த கேத்தரின் ஃபிஷர் 2007இல் எழுதிய 'இன்கார்செரான்' கண்ணில் பட்டது. முதல் பக்கத்திலேயே ஃபின் என்ற இளைஞன் கல்தரையில் குப்புறக் கிடக்கிறான், சங்கிலியால் பிணைக்கப்பட்டு. அவன் இருப்பது ஒரு சிறை. ஆனால் அதற்குள் நகரங்கள் இருக்கின்றன, உலோக மரங்கள் நிற்கும் காடு இருக்கிறது. உள்ளே வருவாரும் இல்லை, வெளியே போவாரும் இல்லை. அந்தச் சிறைக்கு உயிர் உண்டு. சின்னஞ்சிறு சிவப்புக் கண்களால் எல்லோரையும் பார்க்கிறது. விளக்குகளை அதுவே ஏற்றுகிறது, அதுவே அணைக்கிறது. பகலும் இரவும் அதன் விருப்பம்.

என்னை உலுக்கியது வேறொன்று. அங்கே எதுவும் வீணாவதில்லை. செத்தவர்களின் உடலைச் சிறை எடுத்துக்கொண்டு புது உயிர்களைச் செய்கிறது. சதை போதாத இடத்தில் உலோகத்தை வைத்துவிடுகிறது. தன் உடம்பில் எது சதை, எது உலோகம் என்று ஒருவனுக்கே தெரியாமல் போகலாம் என்று படித்தபோது, என்னை அறியாமல் என் விரல் நகங்களைத் தடவிப் பார்த்தேன்.

அன்று நள்ளிரவில் புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்தால், விடுதி அறையின் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவியின் சிவப்புப் புள்ளி. இரண்டு மாதமாக அதன் கீழேதான் தூங்கியிருக்கிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை. சுவருக்குள் வெந்நீர்க் குழாய் இரண்டு முறை தட்டியது. வெளியே நடைவழி விளக்கு தானாக அணைந்தது. விடியும்வரை நான் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

—

நான் படித்தது எடின்பரோவில். படித்து முடித்த வாரமே தெற்குப் பாலத்தின் அடியில் இருக்கும் நிலவறைகளைப் பார்க்கப் போனேன். 1788இல் திறந்த அந்தப் பாலத்துக்குப் பத்தொன்பது வளைவுகள். இன்று வெளியே தெரிவது ஒன்றே ஒன்று. மற்றவற்றைச் சுற்றிலும் கட்டடங்கள் எழும்பி மூடிவிட்டன. மேலே கடைத்தெரு. கீழே, வெளிச்சமே இல்லாத அறைகளில் ஒரு காலத்தில் பட்டறைகள் நடந்திருக்கின்றன, பிறகு போக்கிடமற்ற ஏழைகள் குடியிருந்திருக்கிறார்கள். வழிகாட்டி ஒரு நிமிடம் விளக்கை அணைத்தார். சுவரிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது.

ஆனால் 'எதுவும் வீணாவதில்லை' என்று மேலே எழுதியிருப்பதை நான் உணர்ந்தது அங்கே அல்ல, அதே நகரில் கட்டடத்துக்கு அடியில் புதைந்து கிடக்கும் மேரி கிங் சந்தில். 1753இல் மேலே புதிய வணிக மாளிகை கட்டத் தொடங்கியபோது, பழைய வீடுகளின் மேல்தளங்களை இடித்துவிட்டு, கீழ்த்தளங்களையே அடித்தளமாக்கிக்கொண்டார்கள். மனிதர்கள் சமைத்து உண்டு உறங்கிய அறைகள் இன்னொரு கட்டடத்துக்குக் காலாகிவிட்டன. அந்தச் சந்தில் நின்றபோது எனக்குப் பேய் நினைவு வரவேயில்லை. நகரம் தன் பழைய உடம்பைத் தின்று வளர்ந்திருக்கிறது என்றுதான் தோன்றியது. சுவரைத் தொடக் கை நீட்டி, தொடாமலே திரும்பினேன்.

நாவலில், சிறைக்கு வெளியே வாழும் சிறைக்காவலரின் மகள் கிளாடியாவின் திருமண ஏற்பாடுகள் வரும் அரண்மனைப் பகுதிகள் எனக்குச் சற்று நீளம். சிறைக்குள் எப்போது திரும்புவோம் என்றே பக்கங்களைப் புரட்டினேன்.

—

அந்த அரண்மனைப் பகுதிகளுக்காக நான் வாதாடுவேன். வெளியுலகமும் கடந்த காலத்திலேயே நின்றாக வேண்டும் என்று சட்டம் போட்டுப் பூட்டப்பட்டிருக்கிறதே. கிளாடியாவும் கைதிதான். அது புரிந்தால் அந்தப் பக்கங்கள் இழுக்காது. சிறை உண்மையில் எங்கே இருக்கிறது என்பதைத் தயவுசெய்து இங்கே யாரும் எழுதிவிடாதீர்கள்.

நானும் என் பதினான்கு வயது மகளும் இதை மாறி மாறி உரக்கப் படித்தோம். எனக்குப் பயமாக இருந்த இடங்களில் அவள் பயப்படவில்லை. பாதியில் நிறுத்தி, "அம்மா, எல்லோரும் அதற்குள்ளிருந்து தப்பிக்கப் பார்க்கிறார்கள். அது எங்கே தப்பிக்கும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. 2008இல் வந்த அடுத்த பாகமான 'சஃபீக்'கில் அந்தச் சிறைக்கே வெளியுலகைப் பார்க்கும் ஏக்கம் வருகிறது, தனக்கென்று ஓர் உடலைச் செய்துகொள்ள முனைகிறது. என் மகளுக்கு அது முதல் பாகத்திலேயே கேட்டுவிட்டது.

இரண்டாம் பாகத்தை அவள் தனியாகப் படிக்கிறாள். நேற்று இரவு பன்னிரண்டு மணிக்கு அவள் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைக்கச் சொல்லப் போனவள், கதவருகே நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.